கெயினை 6.5ல வைச்சிட்டு மறந்துபோகலாமாம், ஆர் சொன்னது?

வடலி:
நேற்று மருமகன் புது ட்றெயிலர் எடுத்துக்கொண்டு வந்தவன். 24 அடி, இரண்டு அச்சு. வித்த இடத்துப் பெடியன் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான், பிறேக் கொன்ரோலரில (ட்றக்கில இருந்து ட்றெயிலர் பிறேக்குக்குக் கரண்ட் அனுப்புற பெட்டி) கெயினை, அதாவது எவ்வளவு பலமா அனுப்புறது எண்ட நம்பரை, 6.5ல வையுங்கோ பேந்து தொடத் தேவையில்லை எண்டு. போன கிழமை இந்தக் குழுவிலயும் ஒருத்தர் அதையே எழுத, கீழ கனபேர் நன்றி சொல்லியிருக்கினம். எனக்கு வந்த விசர் கொஞ்சநஞ்சமில்லை. 6.5 எண்டது என்ன வேதவாக்கோ? என்ர ஃபோர்ட் எஃப்-250 ட்றக்கில வீட்டு ட்றெயிலர் சாமானோட 7,200 றாத்தல், அதுக்கு 7 வைக்கிறன். அதே ட்றக்கில சின்னச் சாமான் ட்றெயிலரை, அதுக்கும் எலெக்ட்ரிக் பிறேக்தான், வெறுமையாக் கொழுவினால் 2.5க்கே சில்லு இழுபடும். அதை 6.5ல விட்டிட்டு மழைக்க 401 பெருந்தெருவில பிறேக் அடிச்சுப் பாருங்கோ, ட்றெயிலர் பக்கத்து லேனுக்க வந்து நிக்கும்.

முறை ஒண்டுதான். காய்ஞ்ச மட்டமான தரை, ஆக்களில்லாத இடம், 30-40 கிலோமீற்றர் வேகம், காலைப் பிறேக்கில வையாமல் கையால கொன்ரோலரின்ர லீவரை (ட்றெயிலர் பிறேக்கை மட்டும் போடுறது) முழுசா அமத்த வேணும். ட்றெயிலர்ச் சில்லு லொக் ஆகும்வரை, அதாவது சுத்தாமல் நிண்டு இழுபடும்வரை, கெயினைக் கூட்டிக்கொண்டு போங்கோ, லொக் ஆகினவுடன அரை குறையுங்கோ. லொக் ஆகாமல் எடுத்த நம்பர் நம்பரே இல்லை.

டல்லாஸ்காரன்:
எல்லாத்துக்கும் 6.5ங்கறது தப்புதான் அண்ணா, அதுல சண்டை இல்ல. ஆனா வேணும்னே டயரை லாக் பண்ணுங்கன்னு எழுதுறீங்களே, புதுசா வாங்கினவங்க படிச்சிட்டு போய் அப்படியே செய்வாங்க. லாக் ஆன டயர் தார்ல இழுத்துட்டு போனா அந்த ஒரு இடம் மட்டும் தேய்ஞ்சு தட்டையாயிடும், அப்புறம் 65 மைல்ல போறப்ப தடதடன்னு ஆடிட்டே வரும். என்னோடது ராம் 1500 ட்ரக், 3ல ஆரம்பிச்சு அரை அரையா ஏத்துவேன், லீவரை அமுக்கினா ட்ரெயிலர் பின்னாடியிருந்து நம்மள புடிச்சு நிறுத்தற மாதிரி தெரியணும், முன்னாடி தள்ளவும் கூடாது வெடுக்குனு புடுங்கவும் கூடாது, அந்த எடத்துல விட்டுடுவேன். ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட லாக் பண்ணதில்ல.

வடலி:
ஒருக்காலும் லொக் பண்ணாத ஆளுக்கு லொக்குக்குக் கொஞ்சம் கீழ எது எண்டு எப்பிடித் தெரியும்? கயிறு விட்டுப் பாக்காமலே கிணத்தின்ர ஆழம் சொல்லுறியள். உங்கட ராம் புத்தகத்திலயும் இதேதான் கிடக்கு, 20-25 மைல், லீவர் முழுசா, லொக் ஆனால் குறை, ஆகாட்டில் கூட்டு. வாங்கின வண்டியின்ர புத்தகத்தையே வாசிக்காமல் எனக்குப் பாடம் எடுக்க வந்திட்டியள். 35 கிலோமீற்றரில ஒரு செக்கன் இழுபட்டால் டயர் தட்டையாகாது தம்பி, நான் 19 வருசமாச் செய்யிறன்.

நீலக்கம்பி:
ரெண்டு பேரும் கெயின் கெயின்னு பேசறீங்க, யாரோட கெயின்னு முதல்ல சொல்லுங்க. வடலி அண்ணா வண்டில கம்பெனியே போட்டுத் தர்ற கண்ட்ரோலர், அது வண்டியோட பிரேக் அழுத்தத்தைப் பார்த்து அதுக்குத் தகுந்தாப்ல ட்ரெயிலருக்கு கரண்ட் அனுப்பும். வெளிய வாங்கி மாட்டற டெகோன்ஷா ப்ராடிஜி மாதிரி பெட்டிங்க, வண்டி எவ்வளவு சடார்னு குறையுதுன்னு சென்சார்ல பார்க்கும், அதுல பூஸ்ட்டுன்னு தனியா வேற ஒண்ணு இருக்கு. பழைய டைம் டிலே பெட்டி எதையும் பார்க்காது, பிரேக் லைட் எரிஞ்சா நீங்க வச்ச அளவுக்கு ஏறிக்கிட்டே போகும், மெதுவா மிதிச்சாலும் அதேதான். ஒரே நம்பருக்கு மூணுலயும் ஒரே அர்த்தம் இல்லைங்க.

அதுக்கும் முன்னாடி டிரம்முக்குள்ள ஷூ சரியா இருக்கான்னு யாருமே கேட்கல. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டார் வீலை (ஷூவை டிரம்மோட நெருக்கற சின்னப் பல்சக்கரம்) இறுக்கி சக்கரத்தைக் கையால சுத்த முடியாத அளவுக்குக் கொண்டுவந்து, அப்புறம் லேசா உரசற வரைக்கும் பத்து கிளிக் வாக்குல பின்னாடி விடணும். டிரம்முக்குள்ள ஷூவை வேலை செய்ய வைக்கற காந்தம் ஒண்ணுக்கு 3 ஆம்ப் சுமார், நாலு சக்கரத்துக்கு 12 ஆம்ப், ட்ரெயிலர் பிரேக்குக்குக் கரண்ட் போற நீலக் கம்பில போகணும். எர்த் துரு புடிச்சுப் போய் 7, 8 ஆம்ப்தான் போற வண்டிங்க என் கிட்ட நிறைய வருது, அதுல லீவரை அமுக்கி என்ன செட்டிங் பார்ப்பீங்க?

வடலி:
எல்லாம் நல்ல விசயம் தம்பி. ஆனால் கேட்ட கேள்வி அது இல்லை. சில்லு ஒருக்கால் லொக் ஆகோணுமோ இல்லையோ? ஓம் இல்லை எண்டு சொல்லுங்கோ.

டல்லாஸ்காரன்:
லொக் இல்லண்ணா, லாக். படிக்கறப்ப இருமல் வந்த மாதிரி இருக்கு.

வடலி:
வந்திட்டார். இங்கிலீசில அது "ஒ"தான், அதை "ஆ" ஆக்கினது நீங்கள். பொக்ஸை பாக்ஸ் எண்டு எழுதுற ஆக்கள் எங்களுக்குத் தமிழ் திருத்த வேண்டாம். போன மாரியில இந்தக் குழுவில பாரம் பகிர்ற ஹிட்ச் (ட்றெயிலர் கொழுவி) பற்றின இழையிலயும் இதைத்தான் செய்தனீங்கள், கேட்டதுக்கு மறுமொழி இல்லை எண்டால் உடன எழுத்துப்பிழை பிடிக்கிறது. நான் மறக்கேல்லை.

மழைக்காகம்:
நான் பிரிட்டிஷ் கொலம்பியா. கோக்விஹல்லா மலை ஹைவேல மெரிட்ல இருந்து ஹோப்புக்கு எறங்கினவங்களுக்குத் தெரியும், 1,244 மீட்டர்ல உச்சி, அங்கிருந்து 8 சதவீத சரிவு வரும். மேல காய்ஞ்ச ரோடு, பாதி எறங்கினா மழை, ஹோப்ல தண்ணி நிக்கும். காலைல நீங்க லாக் பண்ணிப் பார்த்து அரை கொறச்ச அந்த நம்பர் அந்த மழைல கூடுதல், டயர் நின்னுடும். நான் மழை வந்தா ஒண்ணரை கொறச்சிடுவேன். சரிவுல முக்கியமே கியர்தான், டோ-ஹால் (ட்ரெயிலர் இழுக்கறப்ப போடற கியர் மோட்) போட்டு கீழ் கியர்ல விட்டுட்டு பிரேக்கை விட்டு விட்டு அடிக்கணும், அழுத்திக்கிட்டே வந்தா டிரம் சூடாகி கெயின் 10 வச்சாலும் புடிக்காது. நேரா பாத்திருக்கேன், முன்னாடி போன வண்டி சக்கரத்துல புகை.

வடலி:
காய்ஞ்ச றோட்டில லொக் பாத்து எடுத்த நம்பர் கையில இருக்கிறபடியாத்தானே மழைக்க ஒண்டரை குறைக்கிறியள்? எதில இருந்து குறைக்கிறியள்? நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லுறியள், நன்றி.

மழைக்காகம்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல. நான் லாக் பண்ணியும் பாக்கறதில்ல.

ஒட்டாவாக்கா:
வடலி அண்ணை, என்ர ஃபிஃப்த் வீல் (ட்றக்கின்ர பின்தட்டில கொழுவுற பெரிய ட்றெயிலர்) 11,000 றாத்தல் தாண்டும். கெயின் 10, லீவர் முழுசா, ஒரு நாளும் லொக் ஆகினதில்லை. பாரமான ட்றெயிலருக்கு 10 வைச்சாலும் லொக் ஆகாமல் விடலாம் எண்டு உங்கட ஃபோர்ட் புத்தகத்திலேயே எழுதியிருக்கு. உங்கட கணக்குப்படி எனக்குச் செட்டிங்கே இல்லையோ?

வடலி:
அப்ப உங்கட பிறேக் அட்ஜஸ்ட் இல்லை. நீலக்கம்பி சொன்னவர்தானே, ஸ்டார் வீலைப் பாருங்கோ. வீட்டுக்காரரிட்டச் சொன்னால் ஜாக் போட்டுப் பாப்பார்.

ஒட்டாவாக்கா:
வீட்டுக்காரருக்கு ட்றெயிலரை ரிவேர்ஸ் எடுக்கவே தெரியாது. டிரம்மைக் கழட்டிக் காந்தம் மாத்தினது நான், பெயாரிங்குக்குக் கிரீஸ் அடைச்சது நான். புது ஷூ போட்டு, மணிக்கு 40 மைலில இருந்து 20க்கு, ஆறவிட்டு ஆறவிட்டு இருபத்தைஞ்சு தரம் பிறேக் அடிச்சுப் பழக்கினதும் நான். உங்கட புத்தகத்தில இருக்கிற வரியைக் காட்டினால் அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ, வீட்டுக்காரரை இழுக்காதேங்கோ.

டல்லாஸ்காரன்:
அக்கா சூப்பர். அண்ணா, இப்ப அந்த புத்தகத்தை யார் படிக்கல?

வடலி:
தங்கச்சி, நான் குறைவாச் சொல்லேல்லை, அனேகமா ஆம்பிளையள்தான் செய்யிறவை எண்டு சொன்னது. புத்தகத்தில "ஆகாமல் விடலாம்" எண்டுதான் இருக்கு, லொக் பாக்க வேண்டாம் எண்டு இல்லை. ஆகுதோ எண்டு நீங்களும் அமத்திப் பாத்ததாலதானே ஆகேல்லை எண்டு தெரியும்? டல்லாஸ்காரன் அமத்திக்கூடப் பாக்கேல்லை, பேந்து கைதட்டுறார். உங்கட டெக்சாஸில 4,500 றாத்தல் வரைக்கும் ட்றெயிலருக்குப் பிறேக்கே தேவையில்லை எண்டு சட்டம், இங்க ஒன்ராறியோவில 1,360 கிலோவிலயே பிறேக் கட்டாயம். அந்தச் சட்டத்தில ஓடிப் பழகினவருக்கு பிறேக் விளங்காதது அதிசயமில்லை.

டல்லாஸ்காரன்:
என் ட்ரெயிலர் 6,100 பவுண்டு, நாலு சக்கரத்துலயும் பிரேக் இருக்கு. சட்டத்துக்கும் நான் கெயின் வைக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், லீவரை அமுக்கித்தான் பாக்கறேன்னு மேலயே எழுதியிருக்கேன், லாக் ஆகற வரைக்கும் போறதில்லன்னுதான் சொன்னேன். படிங்க.

நீலக்கம்பி:
நான் கேட்டதுக்கு யாராவது சொல்லுங்க. மருமகன் வண்டில கம்பெனி கண்ட்ரோலரா, வெளிய வாங்கி மாட்டினதா? அந்த 6.5 எந்தப் பெட்டியோட 6.5?

வடலி:
எந்தப் பெட்டி எண்டாலும் சில்லு ஒண்டுதான், றோட்டும் ஒண்டுதான். ஞாயிறு காலமை 7 மணிக்கு எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பிளாசாவில ஒரு குருவியும் இராது, அங்க மருமகனைக் கொண்டுபோய் லொக் பண்ணிக் காட்டப்போறன். டயரையும் கிட்டவாப் படம் எடுத்துப் போடுறன், எங்க தட்டையாகியிருக்கு எண்டு டல்லாஸ்காரன் வட்டம் போட்டுக் காட்டட்டும்.

டல்லாஸ்காரன்:
ஒரு தடவை இழுத்ததுக்கு படத்துல தெரியாதுண்ணா. நீங்க 19 வருஷமா இழுத்த டயரைப் போடுங்க.

வடலி:
டயரை அஞ்சு வருசத்துக்கொருக்கால் மாத்துறனான், தேய்ஞ்சு இல்லை, வயசு போய். ஹிட்ச் இழையிலயும் இதையே கேட்டனீங்கள், அப்பவும் சொன்னனான்.

ஒட்டாவாக்கா:
என்ர கேள்வி இன்னும் அப்பிடியே கிடக்கு அண்ணை.

வடலி:
ஸ்டார் வீலைப் பாத்திட்டு வாங்கோ, கதைப்பம்.