பானட்டை எதால் பூட்டுவது? ஐவிஏ சோதனையில் நான் கற்றது

தம்பி, பானட் (இன்ஜின் மூடி) லாட்ச், அதாவது அதைப் பூட்டும் கொக்கி, பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் செவன் வகைக் கார் (பழைய லோட்டஸ் செவன் மாதிரியான சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைக் கட்டினேன். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

இந்த வகைக் காரின் அலுமினிய பானட்டுக்குக் கீல் கிடையாது. அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் உள்ள லாட்ச்சுகள்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. அதனால் கிடைத்ததிலேயே இறுக்கமான ஸ்பிரிங் லாட்ச்சை வாங்கி மாட்டினேன். பிடி பிரமாதம். ஆனால் அதன் எஃகுத் தகடு கத்தி மாதிரி இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஐவிஏ சோதனை (வீட்டில் கட்டிய கார் சாலையில் ஓட அனுமதி பெறத் தேற வேண்டிய சோதனை) இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தது. பரிசோதகர் 100 மி.மீ. விட்டமுள்ள பந்தைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டிப் பார்ப்பார். பந்து தொடுகிற விளிம்புகளின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மி.மீ. இருக்க வேண்டும். கடினம் 60 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு) என்பதற்கு மேல் போகாத மென்மையான ரப்பருக்கு விலக்கு உண்டு. 5 மி.மீ.க்குக் குறைவாகத் துருத்தும் பாகம் என்றால் முனையை மழுக்கினாலே போதும். என் லாட்ச் இதில் எதிலும் அடங்கவில்லை. பந்து அதன் கொக்கியில் போய் முட்டியது. தோல்வி.

வீட்டுக்கு வந்து அதே அளவுப் பந்து ஒன்றில் சாக்பீஸ் தூள் தடவி நானே உருட்டினேன். தூள் ஒட்டிய இடமெல்லாம் கவனிக்க வேண்டிய இடம். வளைவைப் பார்க்க 5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன், அதன் ஆரம் சரியாக 2.5. அப்புறம் நான்கு லாட்ச்சையும் கழற்றிவிட்டு ரப்பர் கொக்கி போட்டேன். அது மாட்டும் பிராக்கெட் 5 மி.மீ.க்கும் குறைவாகவே துருத்துகிறது, அரத்தால் மழுக்கினேன். இரண்டாம் முறை தேறியது.

சிலர் கூர்மையான லாட்ச் மேல் ரப்பர் உறை ஒட்டித் தேறிவிட்டு, மறுநாளே உரித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாலையில் நம் கார் ஒருவர் மேல் உரசினால் அந்தத் தகடு அவர் தொடையைக் கிழிக்கும். விதியே அதற்காகத்தான்.

ரப்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. என் காரில் எக்ஸாஸ்ட் பக்கவாட்டில் வெளியே வருகிறது. அந்தப் பக்கக் கொக்கி சூட்டில் இறுகி வெடிப்பு விட்டது. மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

மறுமொழி:

அண்ணா, என்னுடையது ஃபைபர்கிளாஸ் பானட். மேற்பரப்போடு சமமாகப் படியும் ஏரோகேட்ச் என்ற லாட்ச் போட்டேன். வெளியே எதுவும் துருத்தாததால் பந்து சோதனையில் பிரச்சினையே வரவில்லை. ஆனால் பானட்டில் துளை வெட்டிய இடம் வலுவிழந்து நெளிய ஆரம்பித்தது. உள்பக்கம் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்த பிறகுதான் நின்றது. லாட்ச் பிடிக்கும் ஊசி (பின்) நிற்கும் இடத்தில் கொஞ்சம் களிமண் வைத்து, பானட்டை அழுத்தி, அச்சு விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். நான் கண்ணளவில் வெட்டி ஒரு துளையை வீணாக்கினேன்.

மறுமொழி:

களிமண் யோசனை நல்லது தம்பி. அந்தத் தகடு என்ன கனம்?

மறுமொழி:

2 மி.மீ. அண்ணா.