ஐந்து குண்டை வைத்து ரைஃபிளின் கோளாறைச் சொல்ல முடியுமா?

நீலவானம்: 50 மீட்டர், .22 ரைஃபிள், படுத்த நிலை. போன மாதம் வரை ஐந்து குண்டும் 12 மி.மீ.க்குள் விழுந்தன. இப்போது குரூப் (அட்டையில் குண்டுகள் விழுந்த கூட்டம்) மேலும் கீழுமாக 30 மி.மீ. நீள்கிறது, அகலம் 10 மி.மீ. தாண்டவில்லை. மூன்று அட்டையிலும் இப்படித்தான். கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா, என்னிடமா?

குறிமுள்: மூச்சுதான் நண்பரே. பக்கவாட்டில் சிதறினால் காற்றையோ டிரிகர் விரலையோ சந்தேகப்படலாம். இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டையும், கட்டையின் (பேரலைத் தாங்கி, தோளில் பதியும் பகுதி) ஸ்க்ரூக்களையும் பார்க்க வேண்டும். நெட்டுக்கு நீண்டால், மூச்சை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

சணல்நூல்: இதை ஏற்க முடியாது. நல்ல ரைஃபிளை அசையாமல் பூட்டிவைத்து ஐந்தைந்தாகச் சுட்டாலும் ஒன்று நீளமாக வரும், ஒன்று சாய்வாக வரும். ஐந்து குண்டின் வடிவத்தை நம்பி ஸ்க்ரூவைத் திருகி, ஸ்கோப்பை மாற்றி, நன்றாக இருந்த துப்பாக்கியையே கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறிமுள்: ஒரு அட்டை என்றால் சரி. மூன்றும் ஒரே பக்கம் நீண்டிருக்கின்றனவே, அது தற்செயலா?

சணல்நூல்: நீட்சி உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் மூச்சு என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தோட்டாவின் வேகம் சீராக இல்லாவிட்டாலும் குரூப் நெட்டுக்குத்தானே நீளும்?

குறிமுள்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 50 மீட்டரில் சுமார் 113 மி.மீ. இறங்கும். 320 என்றால் சுமார் 120. காற்றின் தடையைச் சேர்க்கவில்லை, ஆனாலும் 10 மீட்டர் வேக வித்தியாசத்துக்கு 7 மி.மீ.தான் வருகிறது. 30 மி.மீ. நீட்சியைத் தோட்டா மட்டும் தராது.

சணல்நூல்: நல்ல கணக்கு, தோட்டாவை விட்டுவிடுகிறேன். ஆனால் ஸ்லிங் (கையில் மாட்டிக்கொள்ளும் வார்) இறுகும்போது கட்டை வளைந்து பேரலைத் தொட்டாலும் இதே வடிவம்தான் வரும். நீலவானம், மணல்பையில் வைத்து, அதே பெட்டித் தோட்டாவில் 20 குண்டு சுடுங்கள். அப்புறம் ஸ்லிங்கை இறுக்கிக்கொண்டு, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை ஓடவிட்டுப் பாருங்கள். படுத்துச் சுடும்போது எந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலவானம்: செய்துவிட்டேன். மணல்பையில் 20 குண்டும் 16 மி.மீ.க்குள், வட்டமாக. காகிதம் எங்கும் சிக்கவில்லை. படுத்துச் சுட்டபோது மறுபடி நீண்டது. ஆனால் 1 முதல் 5 வரை படி இறங்குவதுபோல வரிசையாகக் கீழே போயிருக்கின்றன.

குறிமுள்: மூச்சு என்றால் வரிசை தாறுமாறாக இருக்கும். நான் சொன்னது தவறு. ஆனால் கோளாறு சுடுபவரிடம் என்பதில் மாற்றமில்லை. தோட்டா போடும்போது தலையைத் தூக்குகிறீர்களா?

நீலவானம்: ஆமாம், ஒவ்வொரு முறையும். நீங்கள் கேட்ட பிறகு கவனித்தேன்: ஐந்தாவது குண்டுக்குள் கட்டையின் அடிப்பகுதி தோளில் ஒரு விரல் அகலம் நகர்ந்துவிடுகிறது. ஜாக்கெட்டில் டேப் ஒட்டி, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் இடம் சரிபார்த்துச் சுட்டேன். உயரம் 14 மி.மீ.

சணல்நூல்: மகிழ்ச்சி. டேப்போடு இன்னும் மூன்று அட்டை சுட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு அட்டையை வைத்து நான் எதையும் நம்பமாட்டேன்.