33 சதவீத அலாரம், மேடே அழைப்பு: நிலைய விதியில் என்ன மாத்தணும்?

கேள்வி – நிலையஅலுவலர்:
வணக்கம். எங்க தீயணைப்பு நிலையத்தில் பழைய பி.ஏ. செட்டில் (முதுகில் மாட்டுற மூச்சுக் காற்றுக் கருவி) காற்று 25 சதவீதத்துக்கு இறங்கினா அலாரம் அடிக்கும். புதுசா வர்றது 33. "அலாரம் அடிச்சா வெளியே வா"ங்கிற வரியையே வெச்சுக்கலாமா? மேடே (உள்ளே சிக்கினவர் ரேடியோவில் கேட்கிற அவசர உதவி) வந்தா ரேடியோ சேனல் மாத்தணுமா?

பதில் – பிஏ_பயிற்றுநர்:
அந்த வரியை எடுத்துடுங்க சார். என்.எஃப்.பி.ஏ (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 1981 தரத்தின் 2013 பதிப்பில்தான் 25 போய் 33 வந்தது. 30 நிமிட சிலிண்டரில் சுமார் 1,200 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற சோதனைக் கணக்கில்தான் அந்த 30. ஹோஸை இழுத்துக்கிட்டு படியேறுறவர் 100 லிட்டர்கூட இழுப்பார். அலாரம் அடிக்கையில் மீதி 400 லிட்டர், அதாவது 4 நிமிடம். பழையதில் 3. கூடக் கிடைச்சது ஒரே நிமிடம், அதுவும் வழி தவறினவருக்கு. வேலைக்கு இல்லை.

அலாரத்துக்குக் காத்திருக்காம, கேஜை (அழுத்தமானி) பார்த்துத் திரும்பணும். 300 பார் (அழுத்த அலகு) சிலிண்டரில் உள்ளே போக 50 செலவானா, திரும்ப 50, இருப்பு 100. ஆக 150-லயே கிளம்பிடணும்.

பதில் – ரேடியோ_அறை:
மேடே கொடுத்தவரை மட்டும் சேனல் மாத்தச் சொல்லவே கூடாது. கையுறையோட குமிழைத் திருப்பி ஒரு கிளிக் தள்ளிப் போச்சுன்னா அவர் குரலே கிடைக்காது. வெளியே தண்ணி, ஏணி பார்க்கிறவங்களை வேற சேனலுக்கு மாத்துங்க. உள்ளே இருக்கிற குழுக்கள் அதே சேனலில் பேசாம வேலையைத் தொடரட்டும்.

பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசணும், இல்லேன்னா முதல் சொல் வெட்டுப்படும். மூணு தடவை மேடே. உடனே இடம், அப்புறம் பெயர், என்ன ஆச்சு, காற்று எவ்வளவு. பாதியில் அறுந்தாலும் இடம் தெரிஞ்சா தேடப் போகலாம். 30 விநாடி அசையாம இருந்தா உடம்பில் மாட்டியிருக்கிற அசைவின்மை அலாரம் அலறும். பேசும்போது அதை ரீசெட் பண்ணிட்டு, பேசி முடிச்சதும் கையாலேயே மறுபடி போடணும். இல்லேன்னா ரேடியோவில் அலறல் மட்டும்தான் வரும்.

பதில் – கட்டளைப்பலகை:
மேலே சொன்னதோட இதையும் எழுதுங்க: மேடே வந்த கையோட தலைக்கணக்கு (ஒவ்வொரு குழுவிலும் எல்லாரும் இருக்காங்களான்னு சரிபார்க்கிறது) கேட்காதீங்க. பத்துக் குழுவும் பதில் சொல்ல ஆரம்பிச்சா சிக்கினவர் குரல் அமுங்கிடும். முதல்ல அவர்கிட்ட பேசி மீட்புக் குழுவை அனுப்புங்க, கணக்கு பிறகு.

மைக் வயரும் கோட்டுக்கு வெளியே தொங்கக் கூடாது. சூட்டில் உறை உருகி ஷார்ட் ஆனா, பட்டனை அழுத்திப் பிடிச்ச மாதிரி சேனலே அடைபடும். ரேடியோ வாரை கோட்டுக்கு அடியில் போடச் சொல்லுங்க.