கார் வராத மண் பாதை: பையனோடு நியூ ஃபாரஸ்ட் போகலாமா?

ஓரமாகப்_போகிறவன்:

வணக்கம். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக்கில் இருக்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். போன மாதம் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஒரு வேன் உரசிக்கொண்டு போனதில் அதன் கண்ணாடி என் முழங்கையில் தட்டிவிட்டது. விழவில்லை, சிராய்ப்புகூட இல்லை. அதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த தப்பு. "இனி ரோட்டில் சைக்கிளை எடுத்தால் பார்" என்று மனைவி சொல்லிவிட்டார். என் சைக்கிளும் பத்து வயது மகனின் சைக்கிளும் ஷெட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

தெற்கே இருக்கிற நியூ ஃபாரஸ்ட் காட்டில் கார் வராத சரளைப் பாதை நூறு மைலுக்கு மேல் இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வரைபடத்தைத் திறந்தால் நூல்கண்டைப் பூனை உருட்டிய மாதிரி இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது? என்னுடையது சாதாரண ஹைப்ரிட் (சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான சைக்கிள்), 35 மி.மீ. டயர். சரளைக்கென்றே செய்த கிராவல் பைக் வாங்கித்தான் ஆக வேண்டுமா? மனைவியையும் கூட்டிப் போக ஆசை, ஆனால் அவர் சைக்கிளைத் தொட்டே பதினைந்து வருடம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம்.

கார்பன்_கந்தசாமி:

கிராவல் பைக்கே எடுத்துவிடுங்கள் நண்பா, 45 மி.மீ. டயர், ட்யூப்லெஸ். ஒருமுறை ஓட்டினால் ஹைப்ரிட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பிரோக்கன்ஹர்ஸ்ட், பர்லி, போல்டர்வுட், லிண்ட்ஹர்ஸ்ட் என்று ஒரு சுற்று, 60 கிலோமீட்டர். நான் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவேன்.

அரைப்பெடல்:

தம்பி, அந்த 60 கிலோமீட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். புது சைக்கிளையும்தான். நான் சவுத்தாம்ப்டனில் நர்ஸ். ஒன்பது வருடமாக, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த மறுநாளெல்லாம் அந்தக் காட்டில்தான் சுற்றுகிறேன். என் சைக்கிளும் ஹைப்ரிட்தான், விற்பவருக்கே பெயர் தெரியாத பழசு.

குழந்தையோடு முதல் தடவை வருகிறவர்களை நான் பழைய ரயில் பாதைக்கு அனுப்புவேன். சவுத்தாம்ப்டனிலிருந்து டார்செஸ்டருக்கு 1847-ல் போட்ட லைன் அது. காசில்மேன் என்ற விம்போர்ன் ஊர் வக்கீல் முன்னின்று கொண்டுவந்தது. அங்கங்கே வளைந்து போனதால் 'காசில்மேனின் கார்க்ஸ்க்ரூ' (பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கிற சுருள் கம்பி) என்று கேலி செய்திருக்கிறார்கள். பிரோக்கன்ஹர்ஸ்டுக்கு மேற்கே காட்டுக்குள் போகிற பகுதியை 1964-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு மிச்சம் இருக்கிற மண்மேட்டில் இப்போது சைக்கிள் போகிறது. ரயில் ஏறிய தடம் என்பதால் உங்கள் மகன் கியரைத் தேட வேண்டியிருக்காது. பிரோக்கன்ஹர்ஸ்ட் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் சாலையில் போய்த்தான் இந்தப் பாதையைப் பிடிக்க முடியும், வழியிலும் சாலை குறுக்கிடுகிற இடங்கள் உண்டு. அங்கெல்லாம் கௌரவம் பார்க்காமல் இறங்கித் தள்ளுங்கள். ஹோம்ஸ்லியில் பழைய ஸ்டேஷன் கட்டடம் டீக்கடையாகிவிட்டது. அதுவரை போய்த் திரும்பினால் சுமார் 20 கிலோமீட்டர் வரும். முதல் நாளுக்கு அது போதும்.

போகும்போது எதிர்காற்று இருக்கும். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, நீங்களும் அந்தத் திசையில்தான் போகிறீர்கள். ஹின்செல்சி பக்கம் வந்ததும் மரங்கள் சட்டென்று நின்றுவிடும், காற்று நெஞ்சில் மோதும். பையன் சோர்ந்தால் "வரும்போது இதே காற்று நம்மைத் தள்ளும்" என்று சொல்லுங்கள், பொய்யாகாது.

அந்த மரமில்லாத வெளியைத்தான் ஹீத் என்கிறார்கள். நான் புதுக்கோட்டைக்காரி. முதல் தடவை பார்த்தபோது "அட, நம்ம பொட்டல்!" என்றுதான் வாயில் வந்தது. செம்மண் மட்டும் இல்லை. சத்தில்லாத, புளிப்பு ஏறிய மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி, நடுவில் முள் வைத்த கோர்ஸ் புதர். நீங்கள் வருகிற ஆகஸ்ட் கடைசியில் ஹெதர் பூத்து, கத்தரிப்பூ நிறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். இது தானாக அமைந்த வெளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆதிகாலத்தில் மனிதர்கள் மரத்தை வெட்டினார்கள், அப்புறம் குதிரையும் மாடும் மேய்ந்து மேய்ந்து மரம் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. மேய்ச்சல் நின்றால் சில வருடங்களில் பைனும் பிர்ச்சும் மண்டிவிடும்.

அந்தக் குதிரைகள் காட்டுக் குதிரைகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரிதான், வீட்டோடும் நிலத்தோடும் வருகிற மேய்ச்சல் உரிமை. வில்லியம் மன்னர் 1079-ல் வேட்டைக்காக இந்தக் காட்டை வளைத்துப் போட்டார், சனங்கள் மேய்ச்சலை விடவில்லை. வெர்டரர் என்ற பெயரில் இதற்கென்று ஒரு சபை லிண்ட்ஹர்ஸ்டில் இன்னும் கூடுகிறது. குதிரையின் வாலைப் பாருங்கள், முடியைப் படிப்படியாக வெட்டியிருப்பார்கள். எந்தப் பகுதி மேற்பார்வையாளரின் கணக்கில் வருகிற குதிரை என்பதற்கு அதுதான் அடையாளம். உங்கள் மகனுக்கு வேலை கொடுத்தாயிற்று, வால்களை எண்ணட்டும். ஆனால் தொடவோ தீனி போடவோ கூடாது, தண்டம் கட்ட வேண்டிவரும். குட்டியோடு நிற்கிற தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகுந்துவிடாதீர்கள். பாதையை மறித்துக்கொண்டு நின்றால் நில்லுங்கள். மணி அடித்து ஒரு குதிரையும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, டயர். சரளைப் பாதைகள் மரம் ஏற்றுகிற லாரிக்காகப் போட்டவை, அடித்தளம் கெட்டி. மழை பெய்த மறுநாளும் ஓட்டலாம். மேலே மட்டும் கல் புரளும். 35 மி.மீ. தாராளம். காற்றைச் சாலைக்கு வைப்பதுபோல் கல்லாக அடிக்காதீர்கள், சராசரி எடை என்றால் 45 பவுண்டு அழுத்தம் (psi) போதும். சரளையில் சிக்கிமுக்கிக் கல் கிடக்கிறது, உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். ஆளுக்கு ஒரு ட்யூப் எடுத்துப்போங்கள். பையனுக்கு அவன் சக்கர அளவில். உங்கள் ட்யூப் அவனுக்குச் சேராது, நான் பட்டிருக்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சந்திப்புகளில் எண் போட்ட சின்ன மரக்கட்டை நட்டிருக்கிறார்கள், அதே எண் வரைபடத்திலும் இருக்கும். எண் இல்லாத ஒற்றையடிப் பாதை எவ்வளவு அழகாகக் கூப்பிட்டாலும் சைக்கிளோடு இறங்கக் கூடாது. கட்டை நட்ட பாதைக்குத்தான் அனுமதி. தரையில் முட்டையிடுகிற பறவைகள் அங்கே இருக்கின்றன. கதவு வந்தால் திறந்து, போய், மூடுங்கள்.

மனைவியைக் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். என் அம்மா கல்குவாரியில் வேலை பார்த்தவர். 1992 வாக்கில் புதுக்கோட்டை முழுக்க அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, மூன்று பிள்ளை பெற்ற பிறகு, குவாரிக்குப் போகிற சரளைத் தடத்தில்தான் கற்றுக்கொண்டார். முட்டியைப் பேர்த்துக்கொண்டார், ஆனால் பத்தே நாளில் என்னைக் கேரியரில் வைத்து மிதித்தார். பதினைந்து வருடம் விட்டது ஒன்றும் பெரிதில்லை. பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை என்றால் பாதி பயம் போய்விடும்.

குரோய்டன்_அண்ணை:

தங்கச்சி வடிவாகச் சொல்லிவிட்டார். நான் இரண்டு விசயம் மட்டும் சேர்க்கிறேன். தம்பி, பேசிங்ஸ்டோக்கில் இருந்து பிரோக்கன்ஹர்ஸ்டுக்கு நேர் ரயில் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனியாகக் காசு இல்லை, ஆனால் ஒரு ரயிலில் சில சைக்கிளுக்குத்தான் இடம். விடுமுறை நாளில் வெள்ளனவே வெளிக்கிடுங்கள்.

மற்றது பிரேக். இந்த நாட்டுச் சைக்கிளில் வலக்கைப் பிரேக்தான் முன் சில்லுக்கு. போன வருசம் போல்டர்வுட் பக்கம் ஒரு இறக்கத்தில் மான் ஒன்று குறுக்கே பாய, நான் வலக்கையை இறுக்கிப் பிடித்தேன். முன் சில்லு சரளையில் வழுக்க, ஐம்பத்தெட்டு வயதில் நான் மண்ணில் நீச்சல் அடித்தேன். மான் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. கார் இல்லை என்று கைவிட்டு ஓடாதீர்கள். முதலே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடிக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

அரைப்பெடல்:

அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்றை விட்டுவிட்டேன், நர்ஸாக இருந்துகொண்டு விட்டதற்கு வெட்கம். உண்ணி. நீள சாக்ஸ் போடுங்கள், புதரில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, பையனுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், எண்ணெய் வைக்காமல், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அப்புறம் சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போய் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வருகிற லைம் நோய்க்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, தள்ளிப்போட்டால்தான் தொல்லை.

ஓரமாகப்_போகிறவன்:

போய்விட்டு வந்தோம், மூன்று பேரும். ரயில் பாதையில் ஹோம்ஸ்லி வரைக்கும்.

முதல் அரை மணி நேரம் மனைவி என்னிடம் பேசவில்லை, கைப்பிடியை மட்டுமே பார்த்து ஓட்டினார். ஹெதர் வெளியில் நிமிர்ந்து பார்த்தவர் "நிறுத்து" என்றார். விழப்போகிறார் என்று பதறி இறங்கினேன். போட்டோ எடுக்கத்தானாம். அங்கேயே இருபது நிமிடம் போனது. எதிர்காற்றில் பையன் புலம்பினான், நீங்கள் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன், நம்பவில்லை. திரும்பும்போது மிதிக்காமலே கொஞ்ச தூரம் உருண்டான், பிறகுதான் நம்பினான்.

வால் வெட்டிய குதிரைகள் பதினேழு. ஒன்று பாதையின் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்தது, பத்து நிமிடம் நின்றோம். பஞ்சரும் ஆயிற்று. பையனுடைய டயர்தான், கல் நீங்கள் சொன்னபடியே பிளேடு மாதிரி. ட்யூப் இருந்தது அக்கா, பம்ப் வீட்டில் இருந்தது. பின்னால் வந்த வயதான தம்பதி பம்ப் கொடுத்தார்கள். உண்ணி யாருக்கும் இல்லை, மூன்று முறை பார்த்தாயிற்று.

டீக்கடைச் சுவரில் பழைய ரயில் படங்களைப் பார்த்த பையன், காட்டில் பன்றி விடுவார்கள் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னதையும் கேட்டுவிட்டான். அது எப்போது என்று இப்போது தினமும் கேட்கிறான். அதோடு, மனைவிக்கு முழங்கால் முன்பக்கம் இரண்டு நாள் வலித்தது. சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லையா?

அரைப்பெடல்:

பம்பை மறந்த கணக்கில் ஒரு டீ பாக்கி!

பன்றி விடுவது பெரும்பாலும் செப்டம்பர் நடுவில் தொடங்கும். ஓக் கொட்டை எப்போது உதிர்கிறது என்று பார்த்து வருடா வருடம் தேதி குறிப்பார்கள், குறைந்தது 60 நாள். பச்சைக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் பன்றியை விட்டுத் தின்னச் செய்கிறார்கள். அக்டோபரில் வாருங்கள், அந்த முறை ரைன்ஃபீல்ட் வழியாகப் போல்டர்வுட். போகும்போது மெல்ல ஏற்றம், ஏ35 சாலையை ஓரிடத்தில் கடக்க வேண்டும், அங்கே மட்டும் பையனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் பிளாக்வாட்டர் பக்கம் ஐம்பது மீட்டருக்கு மேல் வளர்ந்த செக்வோயா மரங்கள் இருக்கின்றன. சைக்கிளைப் பூட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருந்திருக்கும். பயத்தில் கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று இறக்கச் சொல்லியிருப்பார், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த தடவை வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விரல்கடை உயர்த்தச் சொல்லுங்கள்.