பிஸ்னஸ் பிடிச்சுத் தாறவருக்குச் செயார் குடுத்த ஆக்கள், வாங்கின ஆக்கள், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஹோட்டல்களுக்கு சோப், ஷம்பூ, ரூம் ஸ்லிப்பர் மாதிரிச் சாமான் சப்ளை பண்ணுற சின்னக் கம்பனி ஒண்டு நானும் மச்சானும் நடத்துறம். சாமான் நல்லமெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், ஆனா பெரிய ஹோட்டல் பர்ச்சேசிங் ஆக்களிட்ட போய்க் கதைச்சு ஓடர் எடுக்க எங்க ரெண்டு பேருக்கும் வராது. இப்ப ஒருத்தர் வாறன் எண்டு நிக்கிறார், ஹோட்டல் லைன்ல கனகாலம் இருந்தவர், பெந்தோட்டைப் பக்கம் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை. கேக்கிறது மாசம் ஒரு பேசிக் சம்பளம், வித்ததில 5% கொமிஷன், அதோட கம்பனியில 30% செயார், காசு ஒரு சதமும் போடமாட்டார். மச்சான் குடுப்பம் எண்டுறான், எனக்கு 30 எண்டதும் வயித்தைக் கலக்குது. இப்பிடி ஆரையும் எடுத்தவை, இல்லாட்டி இப்பிடிப் போய்ச் சேந்தவை, என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
தம்பி, 30-ஐ அப்பிடியே வை, முதல் அந்த 5%-ஐப் பார். நான் கணக்குப் பாக்கிற ஒரு இடத்திலயும் வித்ததில 5%தான். 10 லட்ச ரூபா ஓடர், அடக்க விலை 7 லட்சம், மிச்சம் 3 லட்சம், கொமிஷன் 50,000. சரி. அடுத்த ஓடரைப் பிடிக்கிற அவசரத்தில ஆள் 10% டிஸ்கவுண்ட் குடுத்திட்டார். வித்தது 9 லட்சம், அடக்கம் அதே 7, மிச்சம் 2 லட்சம். மிச்சத்தில ஒரு லட்சம் போச்சு, அதில அவருக்குக் குறைஞ்சது வெறும் 5,000. பிறகென்ன, வாற போறவனுக்கெல்லாம் டிஸ்கவுண்ட்தான். இதையே மிச்சத்தில 15% எண்டு பேசியிருந்தா 45,000 வரவேண்டியது 30,000-க்கு இறங்கியிருக்கும், அப்ப அவரே நிண்டு விலை கதைச்சிருப்பார்.

மற்றது, இன்வொய்ஸ் அடிச்ச அண்டைக்குக் கொமிஷன் குடுக்காதே, காசு பாங்கில விழுந்த பிறகு குடு. ஹோட்டல்காரர் 60 நாள் எண்டுவாங்கள், ஓஃப் சீசன் வந்தா 90-ம் தாண்டும், செக் திரும்பினாலும் நீதான் அலையோணும். 18% வற் வரியைக் கழிச்ச தொகையில எண்டும் எழுதி வை, இல்லாட்டி அரசாங்கத்துக்குக் கட்டுற காசுக்கும் கொமிஷன் குடுத்துக்கொண்டிருப்பாய். பேசிக் குடுத்தா அவர் உன்ர வேலையாள், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உன்ர பக்கம் 12%, அவர்ட சம்பளத்தில 8%, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% நீதான். கொமிஷனுக்கும் சேத்துக் கட்டோணும், கனபேர் பேசிக்குக்கு மட்டும் கட்டிட்டு நாரஹேன்பிட்டியில தொழில் திணைக்களத்தில போய் முழிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.

பம்பலப்பிட்டி அக்கா:
நான் மற்றப் பக்கத்தில இருந்தவள், அதையும் கேளுங்கோ. ஒரு பிரின்டிங் இடம், ரெண்டு பேர் சேந்து நடத்தினது, என்னை எடுக்கேக்க "நீங்களும் எங்கட பாட்னர்தானே அக்கா" எண்டு சொல்லித்தான் எடுத்தவை. பாட்னர் எண்டபடியா சம்பளம் மற்ற இடங்களை விடக் குறைவு, நானும் சரியெண்டு ஓடி ஓடி பாங்க், இன்சூரன்ஸ் கம்பனி எல்லாம் கொண்டு வந்து குடுத்தனான். நல்லா உழைச்ச வருசம் பங்கைக் கேட்டா "பாப்பம் அக்கா", அடுத்த வருசமும் "பாப்பம்". கடைசியில புதுக்கடையில ஒரு லோயரிட்ட போனா அவர் கேட்ட முதல் கேள்வியே கடுதாசி ஏதும் இருக்கோ எண்டுதான். 1840-ம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்காம், போட்ட முதல் 1,000 ரூபாவுக்கு மேல எண்டா பாட்னர்ஷிப் எழுத்தில, ஒப்பத்தோட இருக்கோணுமாம். 1,000 ரூபா! இண்டைக்கு ஒரு கொத்து ரொட்டி வாங்கிற காசு.

அதால தம்பி, அவர் 30 கேக்கிறார் எண்டு கோவிக்காதேங்கோ, சூடு கண்ட ஆக்கள் முதலே கூட்டித்தான் கேப்பம். எனக்கு உண்மையில செயார் தேவைப்படேல்லை. நான் பிடிச்ச கஸ்டமர் நான் விலகின பிறகும் அங்கதான் ஓடர் குடுக்கிறான், அதில எனக்கு ஒண்டும் இல்லை எண்டதுதான் நெஞ்சுக்க நிக்குது. விலகினாலும் கொஞ்சக் காலத்துக்கு அந்த ஓடர்களில ஒரு பங்கு வரும் எண்டு எழுதித் தந்திருந்தா செயாரைப் பற்றி நான் வாயே திறந்திருக்கமாட்டன்.

பெட்டா நானா:
எங்கட வாப்பா காலத்துல இருந்தே கடையில முளாரபாதான். சல்லி ஒருத்தர்ட, ஒழைப்பு மத்தவர்ட. லாபத்துல இன்னாருக்கு இவ்வளவு பங்குன்டு முன்னுக்கே பேசிக்கிற, நட்டம் வந்தா சல்லி போட்டவருக்கு, ஒழைச்சவருக்கு அவர்ட ஒழைப்பு போச்சு, அவ்வளவுதான். அவர் வேணும்னு கெடுத்தாத்தான் அவர்ட தலையில. பெருநாள் சரக்குக்கு ஒருத்தரோட செஞ்சா, சீசன் முடிய கணக்கத் தீத்து கைலாகு குடுத்துட்டுப் போற. கடையில பங்கு எழுதிக் கேட்டவங்க யாரும் இல்ல, நாங்க குடுக்கவும் இல்ல.

கம்பனி செக்ரட்டரி:
30-க்கும் 25-க்கும் 5 தானே வித்தியாசம் எண்டு நினைக்காதேங்கோ. 2007-ம் ஆண்டு 7-ம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில ஸ்பெஷல் ரெசலூஷனுக்கு, அதாவது பெரிய முடிவுகளுக்கு, 75% வாக்கு வேணும். அவரிட்ட 25-க்கு மேல ஒரு செயார் கூட இருந்தாலும், அவர் ஓம் எண்டு சொல்லாம ஆர்டிகல்ஸ், அதுதான் கம்பனிட விதிகள், மாத்தேலாது, கம்பனிட பெரிய சொத்தை விக்கேலாது, இழுத்து மூடக்கூட ஏலாது.

செயார் குடுக்கிறது லேசு, போர்ட் ரெசலூஷன் ஒண்டும், கம்பனிப் பதிவாளருக்குப் போடுற ஃபோம் 6-ம்தான் வேலை. திருப்பி எடுக்கேக்கதான் கஷ்டம் தெரியும். நான் செக்ரட்டரியா இருக்கிற ஒரு கம்பனியில 20% வாங்கினவர் கொஞ்ச நாளில கனடாவுக்குப் போயிட்டார். ஓடர் ஒண்டும் இல்லை, ஆனா வருசா வருசம் ஏஜிஎம் எண்ட வருடாந்தக் கூட்ட நோட்டீஸ் ஸ்காபரோவுக்குப் போகுது, டிவிடன்ட் அறிவிச்சா அவருக்கும் போகோணும். கம்பனியே திருப்பி வாங்கிறதெண்டாலும் ஆள் சம்மதிக்கோணும், கம்பனியால கடனெல்லாம் கட்டேலுமோ எண்டு பாக்கிற சொல்வன்சி டெஸ்டும் பாஸ் பண்ணோணும். அதுக்குத்தான் வெஸ்டிங், செயாரை ஒரேயடியாக் குடுக்காம அவர் நிண்டு உழைக்க உழைக்கக் குடுக்கிறது. 4 வருசத்தில கொஞ்சம் கொஞ்சமா, முதல் வருசம் முடியுமட்டும் ஒண்டும் இல்லை, இடையில போனா என்ன விலைக்குத் திருப்பித் தாறது எண்டதையும் செயார்ஹோல்டர்ஸ் அக்ரிமென்டில முதலே எழுதுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு விசேசமா. நேற்று வெள்ளவத்தையில அவரோட இருந்து கதைச்சம். விலகினாலும் அவர் பிடிச்ச ஹோட்டல்களுக்கு ஒரு வருசத்துக்கு அரைவாசிக் கொமிஷன் எண்டு சொன்ன உடன ஆள்ட முகமே மாறிட்டுது, 30-ல இருந்து தானாவே இறங்கினார். இப்ப சின்ன பேசிக், காசு வந்த பிறகு மிச்சத்தில 15%, செயார் 4 வருசத்தில 12%, முதல் வருசம் இல்லை. மச்சானுக்கும் சரி. இப்ப இழுபடுறது ஒண்டுதான், விசிட்டிங் கார்டில "டிரெக்டர்" எண்டு போடோணுமாம், இல்லாட்டி ஹோட்டலில ஜீஎம் (ஜெனரல் மனேஜர்) வெளிய வரமாட்டாராம்.

கம்பனி செக்ரட்டரி:
போர்டில போடுறதெண்டா ஃபோம் 20 போட்டு முறையாப் போடுங்கோ, ஈபிஎஃப் கட்டாட்டி வழக்கு அவருக்கும் வரும் எண்டதைச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ. போர்டில இல்லாத ஆளை டிரெக்டர் எண்டு கார்ட் அடிச்சுக் குடுத்தா, பிறகு அவர் வச்ச ஒப்பம் செல்லாது எண்டு ஹோட்டல்காரனிட்ட உங்களால சொல்லேலாது.

கணக்குப்பிள்ளை:
"ஹெட் ஒஃப் சேல்ஸ்" எண்டு தடிப்பான மட்டையில அடிச்சுக் குடு தம்பி. ஜீஎம் வருவார்.