கட்டி இழுத்துட்டு வந்த பொறகு ஆட்டோமேட்டிக் வண்டி நகர மாட்டேங்குது, கியர்பாக்ஸே போயிருச்சுங்களா?

கோபிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க மாமாவோட வண்டி, 2010 ஹோண்டா சிட்டி, பெட்ரோல், அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக். முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியலைன்னு தேடிப் புடிச்சு வாங்குன வண்டி, ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர தாண்டிருச்சு, ஆனா கியர்ல இதுவரைக்கும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.

தாளவாடில ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு திரும்பி வாரப்ப ஆசனூர் பக்கத்துல எஞ்சின் ஆஃப் ஆகி நின்னுபோச்சுங்க. செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. அது புலி காப்பகம், பொழுதோட வேற, ராத்திரி ஆயிட்டா திம்பம் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, ரெக்கவரி வண்டிக்கு போன் பண்ணுனா காலைல தான் மேல வர முடியும்னுட்டாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தரு பிக்கப்ப தாட்டிவிட்டாரு. அந்த டிரைவரு முன்னாடி பம்பருக்கு அடியில கைய விட்டு கொக்கிய எதுலயோ மாட்டி, கயிறு கட்டி, கியர என்-ல (நியூட்ரல்) போட்டுட்டு, நாலு சக்கரமும் ரோட்டுலயே உருள 27 கொண்டை ஊசி வளைவும் எறக்கி சத்தி வரைக்கும் கொண்டாந்து சேத்துட்டாரு. எஞ்சின் ஓடலைன்னா பிரேக்கு கல்லு மாதிரி ஆயிருது, மாமா இன்னும் கால் வலிக்குதுங்கறாரு, அது வேற கதை.

சத்தில பாத்தப்ப பெட்ரோல் பம்ப் போயிருந்துச்சு, மாத்துனதும் எஞ்சின் நல்லா ஸ்டார்ட் ஆயிருச்சு. டி-ல (டிரைவ்) போட்டு எடுத்தா சித்த தூரம் திக்கித் திக்கி போச்சு, அப்பறம் கரகரன்னு ஒரு சத்தம், அதோட சரி. எஞ்சின் ரேஸ் ஆகுது, வண்டி நகர மாட்டேங்குது. ஆர்-லயும் (ரிவர்ஸ்) அதே தான். பி-ல (பார்க்கிங்) போட்டு நிறுத்துனாலும் கை வெச்சு தள்ளுனா உருளுது, அதனால சக்கரத்துக்குக் கல்லு வெச்சிருக்கோம். இடது முன் சக்கரத்துக்கிட்ட செவப்பா ஆயில் கொட்டிருக்கு. ஒர்க்‌ஷாப்ல, ஆட்டோமேட்டிக்க கட்டி இழுத்தா உள்ள எல்லாம் எரிஞ்சு போயிருக்கும், கியர்பாக்ஸ் எறக்கோணும், முக்கால் லட்சம் ஆகும்ங்கறாங்க. வண்டி விலையே என்ன ஆகும் இன்னைக்கு? எறக்கறதுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் பாக்கலாங்களா?

உக்கடம் ரூட்டு:

ப்ரோ, ஆட்டோமேட்டிக்க சக்கரம் தரையில உருள கயிறு கட்டி இழுத்தாலே கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம், அதுவும் மலைல இருந்து அம்புட்டு தூரம். ரீபில்டுக்கு எல்லாம் போவாதீங்க, இந்த ஊருல ஆட்டோமேட்டிக் பிரிச்சு ஒழுங்கா சேக்கறவங்க கம்மி. பழைய வண்டி ஒடைச்ச எடத்துல செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ் பாருங்க, பாதி காசுல முடியும்.

பீளமேடு ரெஞ்ச்:

ஏனுங்க, சித்த பொறுங்க, வாங்கறது விக்கறது எல்லாம் அப்பறம். கேள்வி கேட்டவரு விடையையும் சேத்தே எழுதிருக்காரு, பி-ல போட்டாலும் உருளுதுங்கறதும், இடது பக்கம் செவப்பு ஆயிலும். எனக்கு என்னமோ இடது டிரைவ் ஷாஃப்ட், அதாவது சக்கரத்த சுத்தற தண்டு, கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வந்திருக்குன்னு தான் படுது.

எப்படின்னா, பி-ல போட்டா உள்ள ஒரு கொக்கி போயி கியர் பல்லுல உக்காந்து பூட்டிக்கும், அந்தப் பூட்டு டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கத்துக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற கியர்) வழியா ரெண்டு ஷாஃப்டுக்கும் போயி சக்கரத்த புடிக்குது. ஒரு ஷாஃப்ட் வெளிய வந்துட்டா டிஃபரன்ஷியல்ல அந்தப் பக்கம் புடிப்பில்லாம சும்மா சுத்தும், இந்தப் பக்க சக்கரமும் விட்டுரும், அதான் உருளுது. டி-ல போட்டாலும் அதே கதை, எஞ்சினோட சக்தி எல்லாம் புடிப்பில்லாத பக்கமே போயிரும், நல்லா இருக்கற சக்கரத்துக்கு ஒண்ணும் வராது. கியர்பாக்ஸுக்குள்ள தானா வேலை செய்யற கிளட்ச் தட்டு எரிஞ்சு வண்டி நகரலைன்னா பி கண்டிப்பா புடிக்கோணும்ங்க, ஏன்னா அந்தப் பூட்டுக்கும் கிளட்ச் தட்டுக்கும் ஆயில் பிரஷருக்கும் சம்பந்தமே இல்ல, அது வெறும் இரும்பு.

ஒரே ஒரு சந்தேகம், லீவர கியர்பாக்ஸோட சேக்கற கியர் கேபிள் கழண்டிருந்தாலும் பி புடிக்காது, டி-யும் எடுக்காது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க கீழ படுக்கவே வேண்டியதில்ல. லீவர நகத்தறப்ப மீட்டர்ல பி ஆர் என் டி சரியா மாறி எரியுதான்னு பாருங்க. அந்த வெளக்கு எரியறது கியர்பாக்ஸ் மேல இருக்கற சுவிட்சுல இருந்து, அதனால கேபிள் கழண்டிருந்தா லீவரு ஒண்ணு சொல்லும் மீட்டரு ஒண்ணு சொல்லும். அது சரியா இருந்தா டி-ல போட்டு லேசா ஆக்சிலேட்டர் குடுங்க (முன்னாடி யாரும் நிக்க வேண்டாம், ஹேண்ட் பிரேக் போட்டுக்கோங்க). வண்டி நின்ன எடத்துலயே நிக்க ஸ்பீடோமீட்டர் முள்ளு ஏறுச்சுன்னா கியர்பாக்ஸ் தன் வேலைய செய்யுதுன்னு அர்த்தம், சக்கரத்துக்குப் போற வழில தான் கோளாறு. ஆனா ரொம்ப நேரம் பண்ணாதீங்க, ஆயில் கொறஞ்சு கெடக்குது.

ஷாஃப்ட் எப்படி வெளிய வந்திருக்கும்னு கேட்டா, கயிறு கட்ட மாட்டுன அந்தக் கொக்கி தான். பம்பருக்கு அடியில கைய விட்டு மாட்டுனா லோயர் ஆர்ம்லயோ (சக்கரத்த பாடியோட சேக்கற கீழ்க் கை) ஷாஃப்ட்லயோ தான் மாட்டிருப்பாங்க, 27 வளைவுலயும் அது ஒவ்வொரு பக்கமா வெட்டி வெட்டி இழுத்திருக்கும். ஷாஃப்டோட உள்முனைய புடிச்சு வெச்சிருக்கறது ஒரு சின்ன கம்பி வளையம், சர்க்ளிப்புன்னு சொல்லுவாங்க, அது எத்தன இழுப்பு தாங்கும்.

கட்டி இழுத்தா கியர்பாக்ஸ் கெடும்ங்கறதும் பொய் இல்லீங்க, காரணம் தெரிஞ்சுக்கோங்க. உள்ள ஆயில் பம்ப எஞ்சின் தான் சுத்துது. எஞ்சின் ஆஃப்னா பம்ப் இல்ல, ஆயில் மேல ஏறாது, ஆனா சக்கரம் உருளறதால உள்ள பாதி கியரும் கிளட்ச் தட்டும் காஞ்சுபோயி ஒரசிட்டே வரும். எவ்வளவு கெட்டுதுங்கறது தூரத்தையும் வேகத்தையும் பொறுத்தது. மலை எறக்கம்ங்கறதால மெதுவா தான் வந்திருப்பீங்க, அது உங்களுக்கு நல்லது. மொதல்ல ஷாஃப்ட்ட பாருங்க, உள்ள என்னங்கறது ஓட்டிப் பாத்தா தான் தெரியும்.

காங்கேயம் காளை:

மேல சொன்னது சரி, கூடவே ஆயிலயும் பாத்துருங்க. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) வெளிய எடுத்து வெள்ளைத் துணில தொடச்சுப் பாருங்க, செவப்பாவோ லேசான பழுப்பாவோ இருந்தா நல்லது, கறுப்பா தீஞ்ச வாசம் அடிச்சா தட்டு எரிஞ்சிருக்கு, ரோஸ் மில்க் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. எஞ்சின ஓட விட்டு, எல்லா கியரும் ஒரு சுத்து போட்டுட்டு, ஓடறப்பவே பாக்கோணும். எங்க பழைய கரோலா அப்படி தான் பாப்போம்.

பீளமேடு ரெஞ்ச்:

காளை, அது டொயோட்டாவுக்கு சரி. ஹோண்டாவுல எஞ்சின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஓடுன பொறகு ஆஃப் பண்ணிட்டு, ஒண்ணு ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள பாக்கோணும். ஓடறப்ப பாத்தா அளவு கொறச்சலா காட்டும், நம்மாளு மேல மேல ஊத்திருவாங்க. வாசம் பாக்கச் சொன்னது நல்ல யோசனை.

கோபிக்காரன்:

ரெஞ்ச் அண்ணா, நீங்க சொன்னது அப்படியே இருக்குதுங்க! மீட்டர்ல வெளக்கு எல்லாம் சரியா மாறுது, டி-ல போட்டு லேசா குடுத்தா முள்ளு 20 வரைக்கும் ஏறுது, வண்டி அசையல. ஒர்க்‌ஷாப்காரர கூப்புட்டு காட்டுனேன், அவரு கம்முனு பாத்துட்டு லிஃப்ட்ல ஏத்துனாரு. இடது ஷாஃப்ட் ஒரு வெரக்கட அளவுக்கு வெளிய வந்து தொங்குது, ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் வெளிய, லோயர் ஆர்ம்ல கொக்கி பட்ட எடத்துல பெயிண்ட் போயி பளபளன்னு தெரியுது.

ஷாஃப்ட் பல்லு தேயலைங்கறாங்க. புது சர்க்ளிப், ஆயில் சீல், பூட் மூணும் போட்டு மாட்டியாச்சு, கொறஞ்ச ஆயிலும் ஊத்தியாச்சு. அங்க ஒரு பையன் மேனுவல் கியருக்கு ஊத்தற 90 ஆயில் டப்பாவ எடுத்துட்டு வந்தான், நல்லவேளை நான் பக்கத்துல நின்னேன், புடிச்சு நிறுத்தி ஹோண்டாவோட ஆட்டோமேட்டிக் ஆயில் டிடபிள்யூ-1 வாங்கிட்டு வரச் சொன்னேன். இப்ப பி கெட்டியா புடிக்குது, ஆர், டி ரெண்டும் எடுக்குது. எல்லாஞ் சேத்து ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

ஒண்ணே ஒண்ணு தான் மனசுக்கு உறுத்துது, காலைல வண்டி ஆறிக் கெடக்கறப்ப எடுத்தா ரெண்டுல இருந்து மூணுக்கு மாறறப்ப ஆர்பிஎம் ஒரு துள்ளு துள்ளிட்டு அப்பறம் தான் கியர் விழுது. சூடானா கொறஞ்சுருது. இது இழுத்துட்டு வந்ததால வந்ததுங்களா? ஸ்டால் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமான்னு ஒருத்தரு சொன்னாரு.

பீளமேடு ரெஞ்ச்:

சந்தோசமுங்க. ஸ்டால் டெஸ்ட் இப்ப வேண்டாம். பிரேக்க மிதிச்சுட்டு டி-ல ஃபுல் ஆக்சிலேட்டர் குடுக்கறது நல்லா இருக்கற கியர்பாக்ஸுக்கே அஞ்சு செகண்டுக்கு மேல ஆகாது, காஞ்சு ஓடுன பாக்ஸுல அத பண்ணி சந்தேகத்த நிஜமாக்கிக்காதீங்க.

மொதல்ல ஆயில மாத்துங்க. டிரெயின் போல்ட்டோட முனைல காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணம், வயசான பாக்ஸுல இருக்க தான் செய்யும். கையில குத்தற மாதிரி சில்லு சில்லா இரும்புத் துண்டு இருந்தா தான் பயப்படோணும். ஒரு தடவ கழட்டுனா இரண்டரை லிட்டர் பக்கம் தான் வெளிய வரும், மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளயும் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கறது) அங்கங்கயும் நின்னுக்கும், அதனால மாத்தி, கொஞ்சம் ஓட்டி, மறுக்கா மாத்தி, இப்படி மூணு தடவ பண்ணுனா பெரும்பகுதி புதுசாயிரும். மெஷின் வெச்சு பிரஷர்ல ஃப்ளஷ் பண்றேன்னு யாராச்சும் சொன்னா இந்த வயசு பாக்ஸுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்பறம் டி வெளக்கு சிமிட்டுதான்னு கவனிங்க. சிமிட்டுனா வண்டியோட கம்ப்யூட்டர்ல கோளாறு நம்பர் (கோடும்பாங்க) விழுந்திருக்கும், நல்ல ஸ்கேனர்ல படிக்கோணும். பி 0700-ங்கற கோடு மட்டும் காட்டுச்சுன்னா அது வெறும் மணி அடிக்கறது தான், கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ இருக்குன்னு சொல்லும், என்னன்னு சொல்லாது, உள்ள போயி மத்த கோடையும் படிக்கச் சொல்லுங்க. பி 0730 வந்தா கியர் கணக்கு ஒத்துவரலைன்னு அர்த்தம், வழுக்குதோன்னு சந்தேகப்படோணும். பழைய ஹோண்டா ஆட்டோமேட்டிக்குகள்ல ரெண்டாவது மூணாவது கிளட்ச் பிரஷர் சுவிட்ச் கெட்டாலும் இதே மாதிரி துள்ளும், வெளிய இருந்தே மாத்திக்கற சாமான், அதுக்காக யாரும் பாக்ஸ எறக்க வேண்டாம். கியர் மாறறப்ப துள்ளறத எல்லாம் இழுத்துட்டு வந்ததோட கணக்குலயே எழுத வேண்டியதும் இல்ல, உங்க மாமா கடைசியா எப்ப ஆயில் மாத்துனாருன்னு கேளுங்க.

நொய்யல்கரை:

இதுல ஒரு விசயம் விட்டுப்போச்சு. நிறைய வண்டில டிக்கில ஸ்டெப்னிகிட்ட டூல்ஸ் பையில திருகி மாட்டற வளையம் ஒண்ணு இருக்கும், பம்பர்ல ஒரு சின்ன மூடிய நெம்பி எடுத்தா அது போற ஓட்டை தெரியும். கயிறு அதுல தான் கட்டோணும், ஆர்ம்லயோ ஷாஃப்ட்லயோ கூடாது. அதுவும் முன்சக்கர டிரைவ் ஆட்டோமேட்டிக்க ரோட்டு ஓரத்துக்கு நகத்தறதுக்குத் தான் கயிறு, ஊருக்குக் கொண்டு வாரதுன்னா ஃப்ளாட்பெட் (வண்டிய மேல முழுசா ஏத்திட்டு வார லாரி), இல்லாட்டி முன் சக்கரம் ரெண்டையும் தூக்கிட்டு வார வண்டி. பின்சக்கர டிரைவா இருந்தா பின்னாடி தூக்கோணும், நாலு சக்கர டிரைவ்னா ஃப்ளாட்பெட்ட தவிர எதுக்கும் ஒத்துக்காதீங்க. ராத்திரில ஆசனூர்ல நின்னா இதெல்லாம் பேச நல்லா தான் இருக்கும்னு எனக்கும் தெரியும், ஆனா செக்போஸ்ட்ல வண்டிய விட்டுட்டு ஆளு மட்டும் கீழ எறங்கி காலைல வந்திருக்கலாம்.

கோபிக்காரன்:

மாமாகிட்ட கேட்டேனுங்க. "கியர்பாக்ஸுக்கு ஆயில் மாத்தோணுமா?"ன்னு திருப்பிக் கேக்கறாரு. வாங்குனதுல இருந்து மாத்தவே இல்லையாம். டி வெளக்கு சிமிட்டல. நாளைக்கு மொதல் தடவ ஆயில் கழட்டச் சொல்லிருக்கேன், காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு போட்டோ போடறேன்.