வீட்டில் நடத்தையைக் கவனித்து எழுதப் பயிற்சி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகனைப் பகலில் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவன் தலையைச் சுவரில் மோதும்போதெல்லாம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதிவைத்தால், கவனம், விரும்பிய பொருள், பிடிக்காத வேலையிலிருந்து விடுபடுதல், புலன் தேவை (தொடுதல், அசைவு, ஒலி போன்றவற்றால் உடல் நாடும் உணர்வு) ஆகியவற்றுள் எதற்காக அப்படிச் செய்கிறான் என்பது பிடிபடும் எனச் சிகிச்சையாளர் கூறியுள்ளார். பல்வலி, மலச்சிக்கல் போன்றவை இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துவிட்டோம். ஆனால் அத்தை "அடம் பிடித்தான்" என்று மட்டுமே எழுதுகிறார். குக்கர் விசில் அடித்ததும் அவன் காதைப் பொத்திக்கொண்டது நோட்டில் வருவதில்லை. அவர்மீது குறையில்லை, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதைத் தமிழில் பொறுமையாகக் கற்றுத்தருபவர்களையோ, உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியைத் தமிழில் நடத்துபவர்களையோ அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். மதுரைப் பக்கம் என்றால் அத்தையை நேரிலேயே அழைத்து வருகிறோம்.